மழலைக்கு ஒரு பருத்திக் கவுன்

சிங்கப்பூரில் கோடைக்காலம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் நம் தீவில், பெரும்பாலான நாள்களில் பகல்நேர வெப்பநிலை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. குளிர்நாட்டுக் குழந்தைக்கு ஆண்டில் மூன்று மாதங்களுக்குத் தேவைப்படும் கோடை உடை, நம் வீட்டுக் குழந்தைக்கு ஆண்டு முழுவதும் தேவைப்படுகிறது.

வெப்பத்தைவிடக் காற்றின் ஈரப்பதமே இங்கே பெரிய தொல்லை. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்ச்சி அடைகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை, தோலிலேயே தங்கிவிடுகிறது. வியர்வை வெளியேறும் நுண்குழாய்கள் அடைபட்டு, கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் முதுகிலும் சிவந்த வியர்க்குரு தோன்றுகிறது. பெரியவர்கள் என்றால் “புழுக்கமாக இருக்கிறது” என்று சொல்லிச் சட்டையை மாற்றிக்கொள்வார்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அழத்தான் தெரியும். ஆகவே, அதற்கு எந்தத் துணியில், எந்த அளவில் உடை தைக்கிறோம் என்பது அழகைப் பற்றிய கேள்வி மட்டுமன்று.

முதலில் துணியைப் பார்ப்போம். சாதாரண நிலையில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்து உறிஞ்சி வைத்திருக்கும். பாலியஸ்டரோ அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே உறிஞ்சும். அதனால்தான் பாலியஸ்டர் உடை வியர்த்த உடம்பில் வழுக்கிக்கொண்டு ஒட்டுகிறது. இதைக் கேட்டுப் பருத்தி என்றால் எதுவும் நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஜீன்ஸ் துணியும் பருத்திதான். அது நனைந்தால் காய்வதற்கு நெடுநேரம் ஆகும். குழந்தைக்கு வேண்டியது மெல்லிய பருத்தி. மல் துணி, வாயில், மெல்லிய பாப்ளின் ஆகிய மூன்றும் ஏற்றவை. மல் துணி ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது, கையில் வழுக்கும். முதன்முதலில் தைப்பவர்களுக்குப் பாப்ளின்தான் எளிது.

சிராங்கூன் சாலையும் பஃப்ளோ சாலையும் சந்திக்கும் இடத்தில் உள்ள தேக்கா நிலையத்தை நாம் பெரும்பாலும் காய்கறிக்கும் மீனுக்கும் சாப்பாட்டுக்கும்தான் நாடிச் செல்கிறோம். 1982ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அந்நிலையம் ஒரு காலத்தில் ‘ஜூஜியாவ் நிலையம்’ என்று அழைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில்தான் மக்கள் நாவில் வழங்கிய பழைய பெயரே அதற்குத் திரும்பக் கிடைத்தது. மாடிக்கு ஏறிச் சென்றால் புடவையும் பஞ்சாபி உடையும் தொங்கும் கடைகளைக் காணலாம். அவற்றின் நடுவே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் தையல்காரர்களையும் காணலாம். துணி மீட்டரில் விற்கப்பட்டாலும் அளவு இன்றும் பல தையல்காரர்களின் வாயில் அங்குலமாகத்தான் வருகிறது. பூவேலைப்பாடு கொண்ட பாத்தேக் பருத்தித் துணி வேண்டுமென்றால் அரபு ஸ்திரீட்டுக்குப் போகலாம்.

‘காட்டன்’ என்று சொல்லி விற்கப்படும் துணியில் பாலியஸ்டர் கலந்திருக்கக்கூடும். ஐயம் இருந்தால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் அதன் நுனியை எரித்துப் பாருங்கள். பருத்தி நூல் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணிபோல் ஆகிவிடும்.

புதுத் துணிதான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. பிறந்த குழந்தையைப் பழைய பருத்திப் புடவையில் சுற்றுவது நம் குடும்பங்களில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். பலமுறை துவைத்த துணியில் கஞ்சியும் இருக்காது. சாயமும் வெளுக்க வேண்டிய அளவு வெளுத்திருக்கும். பாட்டியின் பெட்டியில் மதுரைச் சுங்குடிப் புடவை ஒன்று இருந்தால், கேட்டுப் பாருங்கள். ஒரு புடவையில் நாலைந்து கவுன்கள் தைக்கலாம். (கேட்காமல் வெட்டினால் வரும் விளைவுக்கு இப்பாடம் பொறுப்பன்று!)

இரண்டு வயதுக் குழந்தையின் மார்புச் சுற்றளவு பொதுவாக 50 முதல் 53 செ.மீ. வரை இருக்கும். கவுனுக்கும் உள்ளே அணியும் அரைக்கால் சட்டைக்கும் 110 செ.மீ. அகலத் துணியில் ஒரு மீட்டர் போதும். புதுத் துணியானால் வெட்டுவதற்கு முன்பே துவைத்துக் காயவைத்துத் தேய்த்துவிட வேண்டும். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் ஒன்றும் செய்ய முடியாது.

துணியின் கரைக்கு இணையாக, 40 செ.மீ. அகலமும் 48 செ.மீ. நீளமும் உள்ள இரண்டு துண்டுகளை வெட்டுங்கள். ஒன்று முன்பக்கம், மற்றொன்று பின்பக்கம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் மூலைகள் இரண்டிலும் 5 செ.மீ. உள்ளாகவும் 11 செ.மீ. கீழாகவும் வளைத்து வெட்டினால் கைவளைவு கிடைக்கும். மீதித் துணியில் 4 செ.மீ. அகலமுள்ள பட்டைகளைக் குறுக்குவாட்டில், அதாவது 45 பாகைச் சாய்வில், வெட்டிக்கொள்ளுங்கள். இவற்றைத் தையல்காரர்கள் ‘கிராஸ் பீஸ்’ என்பார்கள். நேராக வெட்டிய துணி இழுபடாது. சாய்வாக வெட்டிய துணி இழுபடும். அதனால்தான் அது வளைவில் சுருக்கமின்றிப் படிகிறது.

இனித் தையல். பக்கங்களை இணைக்கும்போது இரட்டைத் தையல் போடுவது நல்லது. முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்து, ஓரத்திலிருந்து அரை செ.மீ. தள்ளித் தையுங்கள். பிசிறுகளை வெட்டி, துணியைத் திருப்பி, அதே ஓரத்தில் சற்றுக் கூடுதலாக விட்டு மீண்டும் தையுங்கள். வெட்டிய விளிம்பு தையலுக்குள்ளேயே மறைந்துவிடும். வியர்வையில் ஊறிய மென்மையான தோலில் நூல்பிசிறு உராய்ந்தாலே புண்ணாகும். ஆகவே, இந்த ஒரு வேலையில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

முன்பக்கத்தின் மேல் ஓரத்தை இரண்டரை செ.மீ. மடித்துத் தைத்து, அந்தக் குழாய்க்குள் 18 செ.மீ. நீள எலாஸ்டிக்கைக் கோத்து, இரு முனைகளையும் அழுத்தமாகத் தையுங்கள். பின்பக்கத்துக்கும் அவ்வாறே. இவ்வகைக் கவுனுக்குப் பலர் எலாஸ்டிக்குக்குப் பதிலாக நாடாவைக் கோத்துத் தோளில் முடிச்சுப் போடுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால், தொங்கும் நாடா விளையாட்டுத் திடலின் சறுக்குமரத்தில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். இத்தகைய விபத்துகளுக்குப் பின்னரே, ஐரோப்பியப் பாதுகாப்புத் தரவிதி ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடையில் கழுத்துப் பகுதியில் இழுநாடா இருக்கக் கூடாது என்றது. பொத்தானும் வேண்டாம். மழலைகள் கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் போடும் வயதினர்.

நாடாவுக்குப் பதில் கிராஸ் பீஸ் போதும். அக்குளில் தொடங்கி, முன்வளைவைச் சுற்றி மேலே வந்து, தோளுக்கு ஏறத்தாழ 10 செ.மீ. விட்டு, பின்வளைவின் வழியாக மீண்டும் அக்குளுக்கு வரும்படி பட்டையை மடித்துத் தைத்தால், கைவளைவின் ஓரமும் தோள்பட்டையும் ஒரே துண்டில் அமைந்துவிடும். தைப்பதற்கு முன் குழந்தைக்குப் போட்டுப் பார்த்துத் தோள் நீளத்தைச் சரிசெய்யுங்கள். எலாஸ்டிக்குக்கும் மார்புக்கும் இடையே இரண்டு விரல்கள் எளிதாக நுழைய வேண்டும். மார்புக்குக் கீழே கவுன் உடலைவிட இருபது செ.மீ.க்கும் மேல் அகலமாக இருக்கும். அது கூடுதல் இல்லை. குழந்தை ஓடும்போது துணி அசைந்து, உள்ளே இருக்கும் ஈரக் காற்றை வெளியே தள்ளுவதற்கு அந்த இடைவெளி தேவை.

அரைக்கால் சட்டைக்குத் தனி வரைபடம் வேண்டாம். குழந்தைக்குப் பொருந்தும் பழையது ஒன்றைத் துணியின்மேல் விரித்து, சுற்றிலும் இரண்டு செ.மீ. விட்டு வரைந்தால் போதும். டயப்பர் அணியும் குழந்தையென்றால் பின்பக்கம் இன்னும் மூன்று செ.மீ. உயரம் கொடுங்கள்.

கடைசியாகக் கவுனின் கீழ் ஓரத்தை 5 செ.மீ. மடித்து, கையால் நீளத் தையலாகப் போடுங்கள். இரண்டு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் குழந்தை சுமார் 8 செ.மீ. வளரும். ஆறு மாதம் கழித்து அந்தத் தையலைப் பிரித்து, மடிப்பைப் பாதியாகக் குறைத்தால் கவுன் மீண்டும் முழங்காலைத் தொடும். உடையைக் குழந்தைக்குப் போடுவதற்கு முன், குத்தியிருந்த குண்டூசிகளை எண்ணிப் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்த எண்ணிக்கை அப்படியே திரும்பியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கவுனைத் தடவித் தேடிக் கண்டுபிடித்த பிறகே துவைக்கப் போடுங்கள்.