தட்டத் தெரிந்த கை

1882ஆம் ஆண்டு டோக்கியோவில் கோடோகன் பயிற்சிக்கூடத்தை நிறுவிய ஜிகோரோ கானோ, பழைய ஜுஜுட்சுவிலிருந்து ஜூடோவை வடித்தெடுத்தபோது, அடி, உதை முதலிய ஆபத்தான உத்திகளைத் தடையற்ற பயிற்சி ஆட்டத்திலிருந்து விலக்கி, வரிசை மாறாமல் நிகழ்த்தும் ஒத்திகை வடிவங்களுக்குள் மட்டும் வைத்தார். இருவர் முழு பலத்தோடு மோதி, மறுநாளும் பயிற்சிக்கு வரக்கூடிய உடலோடு திரும்புவதற்கு இந்த ஏற்பாடே வழிசெய்தது. ஜூடோவிலும், அதன் வழியில் கிளைத்த பிரேசிலிய ஜியு-ஜிட்சுவிலும் முதன்முறையாகப் போட்டியிடும் ஒருவர் காயமின்றி வெளியேறுவது, இந்த ஏற்பாட்டை அவருடைய உடல் எவ்வளவு பழகியிருக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது.

பயிற்சிக்கூடத்தில் ஒழுங்காகப் பணியாற்றும் வலி என்னும் எச்சரிக்கை, போட்டி விரிப்பில் மங்கிவிடுகிறது. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் இதயத்துடிப்பையும் தசை இறுக்கத்தையும் கூட்ட, உடலே உற்பத்தி செய்யும் வலிநிவாரணிகளான எண்டார்ஃபின்கள் வலியுணர்வைத் தணிப்பதால், ஆட்டம் முடிந்த பிறகே காயத்தை உணரும் வீரர்கள் பலர். ஆகவே எதைச் செய்வது, எப்போது விட்டுக்கொடுப்பது என்ற முடிவுகளைப் புதியவர் விரிப்பில் கால் வைக்கும் முன்பே எடுத்திருக்க வேண்டும்.

அவற்றுள் முதலாவது, விழும் முறை. தூக்கி எறியப்படுபவர் இயல்பாகவே கையை நீட்டித் தரையில் ஊன்ற முற்படுவார். அப்போது உடலின் மொத்த எடையும் மணிக்கட்டு, முழங்கை, தோள், காறை எலும்பு என்று ஒற்றைக் கோட்டில் ஏறி, அவற்றில் எது பலவீனமோ அதை முறிக்கிறது. ஜூடோ மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் ‘உகேமி’ என்னும் விழும் கலை, மோவாயை நெஞ்சோடு ஒட்டித் தலையைக் காத்து, முழுக் கையாலும் தரையை அறைந்து, அதிர்ச்சியைப் பரந்த பரப்பில் பகிர்ந்துவிடுகிறது. சிந்திக்க நேரமில்லாத கணத்தில் உதவ வேண்டிய இத்திறனை நூற்றுக்கணக்கான முறை விழுந்துதான் பெற முடியும்.

எறிதலைவிடவும் கொடியது, நிற்பவரின் முழங்காலின் மீது எதிராளியின் எடை பக்கவாட்டில் சாய்வது. கத்திரிபோல் கால்களால் வெட்டி வீழ்த்தும் ‘கனி பசாமி’ உத்தியால் 1980ஆம் ஆண்டு ஜப்பானியத் தேசியப் போட்டியில் யாசுஹிரோ யமாஷிதாவின் கால் எலும்பு முறிந்தது. பின்னர் அவ்வுத்தி சர்வதேச ஜூடோவில் தடை செய்யப்பட்டது. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் சர்வதேசக் கூட்டமைப்பும், தொடக்கநிலையினரான வெள்ளை பெல்ட் வீரர்கள் எதிராளியின் இடுப்பைக் கால்களால் பின்னித் தாவித் தொங்குவதை அனுமதிப்பதில்லை.

மூட்டுப் பூட்டுகளில் முழங்கைக்கும் முழங்காலுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம். முழங்கையை அது மடங்கும் திசைக்கு எதிராக நீட்டும்போது இழுவை படிப்படியாகக் கூடுவதால், வலி பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிக்கிறது. குதிகாலைப் பற்றித் திருகும் பூட்டிலோ, பாதத்தின் வழியே செல்லும் சுழற்சி முழங்காலில் போய்த் தங்குகிறது. சிறிதளவே சுழலக்கூடிய அம்மூட்டில், எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார்கள் வலி தீவிரமாகும் முன்பே கிழிந்துவிடக்கூடும். மேற்கண்ட கூட்டமைப்பு இப்பூட்டை 2021 முதல் சீருடையற்ற பிரிவில், பழுப்பு, கறுப்பு பெல்ட் பெற்ற வயதுவந்தோருக்கு மட்டுமே அனுமதித்திருப்பதன் நியாயம் இதிலிருந்து விளங்கும். விதிகள் போட்டிக்குப் போட்டி மாறுவதால், பெயர் கொடுக்கும் முன் விதிநூலைப் படிப்பதும் காயத் தடுப்பின் ஒரு பகுதியே.

பூட்டில் சிக்கியவர் எதிராளியின் உடலையோ தரையையோ கையால் தட்டித் தோல்வியை ஒப்புவதும், கைகள் சிக்கியிருந்தால் வாய்விட்டுச் சொல்வதும் இக்கலைகளின் உயிர்நாடியான மரபு. 1951ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் மசாஹிகோ கிமுரா தோளைத் திருகிப் பூட்டியபோது ஹீலியோ கிரேசி தட்டவில்லை. அவருடைய தரப்பினரே ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. வரலாற்றில் புகழ்பெற்ற அப்பிடிவாதம் புதியவருக்கு முன்மாதிரி ஆகாது. மூட்டு முழுமையாகப் பூட்டப்பட்டதை உணர்ந்தவுடன், வலிக்காகக் காத்திராமல் தட்டுவதே அவருக்கு உகந்தது. கழுத்து நெரிப்பில் அவகாசம் இன்னும் குறைவு: இருபுறத் தமனிகளும் அழுத்தப்பட்டு மூளைக்கு இரத்த ஓட்டம் தடைபட்டால், ஏறத்தாழ பத்து விநாடிகளில் நினைவு தப்பிவிடும்.

குறைந்த எடைப் பிரிவில் புகுவதற்காக உடலின் நீரை வற்றடிக்கும் பழக்கம் தனி ஆபத்து. 1997இன் இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், வெப்பமான அறைகளில் வியர்வை ஆவியாகாத உடைகளோடு பயிற்சி செய்து எடை குறைக்கும் முயற்சியில் சில வாரங்களுக்குள் உயிரிழந்தனர். அதன் பின்னரே அத்தகைய உடைகள் தடை செய்யப்பட்டு, எடை பார்க்கும் நேரமும் ஆட்டத்திற்கு நெருக்கமாக நகர்த்தப்பட்டது. தொடக்கநிலையினர் தம் அன்றாட எடைக்குரிய பிரிவிலேயே போட்டியிடலாம். படர்தாமரை போன்ற தோல் தொற்று உள்ளவர், எதிராளியின் நலன் கருதியும், குணமாகும் வரை விலகியிருப்பதே முறை.

வெள்ளை பெல்ட் ஆட்டம் வயதுவந்தோர் பிரிவில் ஐந்து நிமிடங்களே நீடிக்கிறது. முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை பெற்றவர் மீண்டும் ஆடுகளம் காண ஏறத்தாழ ஒன்பது மாதங்களோ அதற்கு மேலுமோ ஆகிறது. உரிய நேரத்தில் தட்டித் தோற்றவர் அடுத்த வாரமே தம் பிழையைத் திருத்தப் பயிற்சிக்கூடத்தில் இருப்பார் என்பதால், முதல் போட்டியில் ஒருவர் அடையக்கூடிய மிக மதிப்புள்ள பலன், அடுத்த போட்டிக்குத் தகுதியான உடலோடு வெளியே வருவதே.