‘முதலில் விடுதலை, மற்றது பிறகு’ என்பதை ஏற்காத சைமன்

நவம்பர் 30 தென்னாப்பிரிக்காவின் சைமன் என்கோலி மறைந்த நாள். 1998-இல் அவர் இறந்தபோது வயது 41. மறுநாள் உலக எய்ட்ஸ் நாள். எய்ட்ஸ்தான் அவர் உயிரைக் கொண்டுபோனது. நிறவெறிக்கு எதிராகப் போராடிச் சிறை சென்றவர், தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர், தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை மறைக்காதவர். இந்தப் பத்தியில் அவரைப் பற்றி ஏன் எழுதுகிறோம் என்பது படித்துவரும்போதே விளங்கும்.

சைமன் 1957-இல் சொவெட்டோவில் பிறந்தார். சொவெட்டோ, ஜோகன்னஸ்பர்க் நகருக்கு வெளியே கறுப்பர்களுக்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்பு. வெள்ளையர் நகருக்குக் கறுப்பரின் உழைப்பு வேண்டும், ஆனால் கறுப்பர் அங்கே குடியிருக்கக் கூடாது. ஊரும் சேரியும் அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கறுப்பர் எங்கே தங்கலாம், எங்கே வேலை பார்க்கலாம் என்பதைக் கையில் வைத்திருக்கும் அனுமதிச் சீட்டுதான் முடிவு செய்தது. சீட்டு இல்லாதவர்களைப் பிடிக்கப் போலீஸ் வீடு வீடாக வரும். அப்படி வந்தபோது, சிறுவன் சைமன் தம் பெற்றோரை அலமாரிக்குள் வைத்துப் பூட்டி மறைத்திருக்கிறார். பின்னாளில் இதை அவரே எழுதினார். கறுப்பராகப் பிறந்ததற்காகப் பெற்றோர் ஒளிந்த அலமாரிக்குள், தன்பாலீர்ப்பாளராக இருப்பதற்காக நானும் ஒளிய வேண்டுமா என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம்.

மகன் விஷயம் தெரிந்ததும் தாய் பதறிப்போனார். நாட்டு வைத்தியர்களிடம் அழைத்துப்போனார். வீட்டில் இப்படியென்றால் இயக்கத்திலும் எளிதாக இல்லை. சைமன் அப்போது மாணவர் காங்கிரஸின் டிரான்ஸ்வால் பகுதிச் செயலாளர். தன்பாலீர்ப்பாளர் ஒருவர் செயலாளராக இருக்கலாமா என்று அமைப்பில் விவாதம் நடந்து, வாக்கெடுப்புக்கே போனது. பெரும்பான்மையினர் அவர் தொடரட்டும் என்றார்கள்.

1983-இல் தென்னாப்பிரிக்க கே சங்கத்தில் சேர்ந்தார். அங்கே பெரும்பாலோர் வெள்ளையர். அவர்கள் கூடும் இடங்கள் பலவற்றில் கறுப்பருக்கு அனுமதி கிடையாது. எனவே கறுப்பர்களுக்காக ‘சனிக்கிழமைக் குழு’ என்று ஒன்றைத் தொடங்கினார். அது வேர்பிடிப்பதற்குள் கைதானார்.

1984 செப்டம்பரில், சைமன் குடும்பம் வாழ்ந்த செபோகெங் உள்ளிட்ட வால் முக்கோணக் குடியிருப்புகள் வாடகை உயர்வை எதிர்த்துக் கொந்தளித்தன. அரசு பலரைப் பிடித்தது. 22 பேர் மீது தேசத் துரோக வழக்கு. மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றச்சாட்டு. டெல்மாஸ் என்ற சிற்றூரில் விசாரணை நடந்ததால் டெல்மாஸ் வழக்கு என்றே பெயர். போபோ மொலெஃபே, பேட்ரிக் லெகோட்டா போன்ற ஐக்கிய ஜனநாயக முன்னணித் தலைவர்களும் உடன் கூண்டில் நின்றார்கள்.

சிறைக்குள் ஒருநாள் தன்பாலுறவு பற்றிப் பேச்சு வந்தது. தோழர்கள் சிலர் அருவருப்போடு பேசினார்கள். சைமன் எழுந்து, நானும் அப்படிப்பட்டவன்தான் என்றார். இவரோடு சேர்ந்து நின்றால் வழக்கே கெட்டுவிடும், தனியாக விசாரிக்கட்டும் என்று கேட்டவர்களும் உண்டு. நாட்கணக்கில் வாதம் நடந்தது. கடைசியில் சேர்ந்தே நின்றார்கள். தூக்குக் கயிறு எல்லோர் கழுத்துக்கும் பொதுவாக இருந்த நேரத்தில் நடந்த வாதம் அது. பிற்காலத்தில் அமைச்சரான லெகோட்டா, சைமனைப் போன்றவர்கள் எங்களோடு தோள்கொடுத்த பிறகு அவர்களை எப்படி ஒதுக்க முடியும் என்ற பொருளில் பேசினார்.

வெளியே இருந்த கே சங்கம் என்ன செய்தது? நாங்கள் அரசியலில் தலையிடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. தம் உறுப்பினர் சிறையில் கிடக்க, சங்கம் வாய் திறக்கவில்லை. வெளிநாடுகளில் இருந்த தன்பாலீர்ப்பாளர் குழுக்கள்தான் அவருக்காகக் குரல் கொடுத்தன. கடிதங்கள் குவிந்தன. அந்தச் சங்கத்தைப் பன்னாட்டுக் கூட்டமைப்பு பின்னர் வெளியேற்றியது.

இன்னொரு பக்கம், நாடு கடந்து இயங்கிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர் ஒருவர் 1987-இல் லண்டனில் கொடுத்த பேட்டியில், தன்பாலீர்ப்பாளர் உரிமை ஒரு பிரச்சினையே அல்ல என்கிறார். முதலில் விடுதலை, மற்றது பிறகு. இந்த ‘முதலில்-பிறகு’ கணக்கு நமக்கும் பழக்கமானதுதான். முதலில் சுதந்திரம், சாதியைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். முதலில் வர்க்கம் என்றும் சொன்னார்கள். அந்தப் பேட்டிக்கு எதிர்ப்பு கிளம்பவே, அதே ஆண்டில் தாபோ எம்பெக்கி கட்சியின் நிலையைத் திருத்தி எழுதினார். அது வெள்ளைக்காரர்களின் பணக்காரப் பழக்கம் என்று சொல்ல முடியாதபடி, கறுப்பர் ஒருவர் அதே விடுதலைக்காக அப்போது துரோக வழக்கில் நின்றுகொண்டிருந்தாரே!

1988-இல் சைமன் விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு பெவர்லி டிட்ஸி முதலான தோழர்களுடன் சேர்ந்து ‘க்ளோ’ அமைப்பைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த அமைப்பு. அடித்தளம் சொவெட்டோ போன்ற குடியிருப்புகளில். 1990 அக்டோபர் 13 அன்று ஜோகன்னஸ்பர்க் தெருக்களில் இவர்கள் நடத்தியதுதான் அந்நாட்டின் முதல் பெருமைப் பேரணி. ஏறத்தாழ 800 பேர் வந்தார்கள். அடையாளம் தெரிந்தால் வேலை போகும் என்று சிலர் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். கறுப்பர் என்பதையும் கே என்பதையும் என்னிடமிருந்து பிரிக்க முடியாது, எனவே இரண்டு போராட்டமும் எனக்கு ஒன்றுதான் என்று சைமன் அங்கே பேசினார். நிறவெறி வீழ்ந்து எழுதப்பட்ட அரசியல் சட்டத்தில், பாலியல் நாட்டத்தின் பேரில் பாகுபாடு கூடாது என்ற சொற்கள் இடம்பெற்றன. உலகில் வேறெந்த நாட்டின் அரசியல் சட்டத்திலும் அதுவரை இல்லாத சொற்கள்.

அந்த ஆண்டுகளில் அவர் செய்த வேலை பெரும்பாலும் எய்ட்ஸ் வேலைதான். சொவெட்டோவில் இயங்கிய ‘டவுன்ஷிப் எய்ட்ஸ் திட்டத்தில்’ பணியாற்றினார். தொற்றுள்ள கறுப்பின ஆண்கள் கூடிப் பேச ஒரு குழு அமைத்தார். தொற்று இருப்பதாகச் சொன்னாலே குடும்பமும் தெருவும் கைகழுவிவிடும் காலம். 1996 முதல் கூட்டு மருந்துகள் வந்து பணக்கார நாடுகளில் சாவு குறையத் தொடங்கியது. ஆனால் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை. சொவெட்டோவில் யார் வாங்குவது?

1998 அக்டோபரில் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் ரத்து செய்தது. அதை அறிந்தபின் இரண்டு மாதம்கூட சைமன் இருக்கவில்லை. செபோகெங்கில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இறந்த பத்தாம் நாள், டிசம்பர் 10 அன்று, கேப்டவுன் தேவாலயப் படிகளில் ஸாக்கி அக்மத்தும் தோழர்களும் மருந்து கேட்டு உண்ணாநோன்பு இருந்தார்கள். ‘சிகிச்சைக்கான போராட்ட இயக்கம்’ அங்கே பிறந்தது. 2001-இல் மும்பையின் சிப்லா நிறுவனம் ஆண்டுக்கு 350 டாலருக்கு அதே கூட்டு மருந்தைத் தர முன்வந்தது. 2002-இல் இந்த இயக்கம் தொடுத்த வழக்கில், கருவுற்ற தாய்மாரிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்கும் மருந்தை அரசு மருத்துவமனைகளில் கொடுத்தாக வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே 2002-இல் பெவர்லி டிட்ஸி ‘சைமனும் நானும்’ என்ற ஆவணப்படத்தை எடுத்து முடித்தார். ஜோகன்னஸ்பர்க்கின் ஹில்புரோ பகுதியில் ஒரு தெருமுனை இன்றும் சைமன் பெயரைத் தாங்கி நிற்கிறது.