கண்டிக்குப் போனவர்கள்: சேரியிலிருந்து தேயிலைக்கும், தேயிலையிலிருந்து முகாமுக்கும்



யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவை நடத்துகிறோமோ, அந்த ஆசிரியர் இரவுப் பள்ளியில் எங்களுக்குத் தந்த முதல் வீட்டுப்பாடம் எழுத்தும் அல்ல, கணக்கும் அல்ல. "உங்க தாத்தாவுக்குத் தாத்தா யாரு, எங்க வேலை செஞ்சாரு, கேட்டுக்கிட்டு வாங்க" என்றார். நான் ஆயாவிடம் கேட்டேன். ஆயா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னது: "எங்க தாத்தனுக்குத் தம்பி ஒருத்தரு கண்டிக்குப் போனாரு. போனவரு போனவருதான்."

அந்த ஒரு வரியோடு கதை முடிந்துவிட்டது. பெயர்கூட வரவில்லை. கச்சிராயபாளையம், வடக்கனந்தல், சின்னசேலம் பக்கத்துச் சேரிகளில் விசாரித்தால் இப்படிப்பட்ட ஒரு வரி இன்னும் பல வீடுகளில் கிடைக்கும். அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டேன். ஒரு நாட்டிலிருந்து பக்கத்து நாட்டுக்கு மக்கள் ஏன் போகிறார்கள்? போனால் என்ன ஆகிறது? திரும்பி வந்தால் என்ன ஆகிறது?

ஏன் போனார்கள்?

"பஞ்சம் பிழைக்கப் போனார்கள்" என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது உண்மைதான். ஆனால் பஞ்சம் எல்லோருக்கும் வந்தது. கப்பலேறியவர்கள் எல்லோரும் அல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பறையர், பள்ளர், சக்கிலியர். இதைப் பஞ்சம் மட்டும் விளக்காது. நிலம்தான் விளக்கும்.

1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் அடிமைமுறையைச் சட்டப்படி ஏற்க மறுத்தது. ஆனால் பண்ணையாளுக்கும் படியாளுக்கும் அந்தச் சட்டம் ஒரு குழி நிலம்கூடத் தரவில்லை. குடியிருந்த மனைக்கட்டே ஆண்டையுடையது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் நிலையைப் பற்றி 1891இல் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே நம் ஆட்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். கிராமம் என்ற அமைப்பைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் 1948இல் அரசமைப்பு அவையில் கடுமையாகப் பேசினார். எழுதப் படிக்கத் தெரியாத நம் முன்னோர் அதே தீர்ப்பை ஊரைவிட்டுப் போய்ச் சொல்லியிருந்தார்கள்.

தள்ளியது சாதி என்றால் இழுத்தது பயிர். 1830களில் ஆங்கிலேயர் கண்டி மலைகளில் காடழித்துக் காப்பி வைத்தார்கள். காப்பிக்குப் பழம் பறிக்கும் சில மாதங்களில்தான் கூட்டம் தேவை. ஆண்கள் போய்ச் சம்பாதித்துத் திரும்பினார்கள். பாக் நீரிணையைத் தோணியில் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1869இல் காப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்து வருஷம் முழுக்கத் துளிர்க்கும். அதைப் பறிக்கப் பெண்களின் விரல்கள் வேண்டும், பிள்ளைகளும் வேண்டும். ஆகவே தோட்டங்கள் குடும்பத்தோடு ஆள் கேட்டன. போய்வரும் கூலி, அங்கேயே தங்கும் கூலியானான். பயிர் மாறியதால் இடப்பெயர்வின் தன்மையே மாறியது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

கங்காணியும் துண்டும்

ஆள் பிடித்தவர் கங்காணி. 1904இல் திருச்சியில் இலங்கைத் தோட்டக்காரர்கள் தொழிலாளர் ஆணையம் ஒன்றை அமைத்து, திருச்சி, தஞ்சை, சேலம், வடார்க்காடு, தென்னார்க்காடு எனப் பல மாவட்டங்களிலிருந்தும் ஆள் சேர்த்தார்கள். அப்போது நம் கள்ளக்குறிச்சி தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. ஆனாலும் சேரி வாசலுக்கு வந்தவர் வெள்ளைக்காரர் அல்ல, தெரிந்த முகமான கங்காணி.

அந்த முறை எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தோட்டம் கங்காணிக்கு முன்பணம் கொடுக்கும். அவர் அதிலிருந்து ஆண்டையின் கடனை அடைத்து ஆளை மீட்பார். வழிச்செலவு, கம்பளி, சாப்பாடு எல்லாம் கொடுப்பார். தோட்டம் போய்ச் சேர்ந்ததும் அத்தனையும் அந்தக் குடும்பத்தின் பெயரில் கடனாக ஏறும். சம்பளம் கங்காணி கைவழியே வரும். அரிசியும் கடன்கணக்கில் கழியும். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே காய்ச்சல் என்று லயத்தில் படுத்தவரைப் பெரட்டுக்கு எழுப்புவதில் அவருக்கு லாபம் இருந்தது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று எழுதிய சீட்டுதான் துண்டு. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும். கடன் அங்கே தொடரும். தோட்டம் மாறும், கடன் மாறாது. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது.

பெரிய கங்காணிகளில் பெரும்பாலோர் சாதி இந்துக்கள். லயன் அறைகளும் சாதிவாரியாகப் பிரிந்தே இருந்தன. ஊர்த்தெருவும் சேரியும் கடல் தாண்டிப் போய்க் குடியேறின. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் திருநெல்வேலிச் சீமையின் ஒரு தலித் குடும்பத்தைத் தேயிலைத் தோட்டம் வரை பின்தொடர்ந்தார். தோட்ட மக்களின் நூறாண்டுத் துயரத்தில் தமிழ் இலக்கியம் எட்டிப் பார்த்த சில தருணங்களில் அது ஒன்று. பிறகு சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் உள்ளிருந்தே எழுதினார்கள்.

ஆனால் போனதெல்லாம் ஏமாற்றம் என்று சொல்லி முடிப்பதும் நியாயமல்ல. கூலி நெல்லாக இல்லாமல் காசாக வந்தது. சிலர் பணம் சேர்த்துத் திரும்பி நிலம் வாங்க முயன்றார்கள். இன்னொரு விளைவை நம் வரலாற்றாசிரியர்கள் அதிகம் பேசுவதில்லை. ஆள் போவதைக் கண்டு தஞ்சை மிராசுதார்கள் அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். "அடிச்சா கண்டிக்குப் போயிடுவேன்" என்று ஒரு பண்ணையாள் சொல்ல முடிந்ததே, அது அவன் கைக்கு வந்த முதல் பேரம். போகாமல் இருந்தவனுக்கும் போனவன் ஏதோ செய்துவிட்டுப் போனான்.

கேட்காமலே பங்கிட்டார்கள்

1947 தேர்தலில் மலையகம் ஏழு பிரதிநிதிகளை இலங்கை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அதுவே ஆட்சியாளர்களின் கண்ணை உறுத்தியது. 1948இன் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு யார் சான்று எழுதி வைத்தார்கள்? 1949இல் வாக்குரிமையும் போயிற்று. அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டத்தின்கீழ் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியுரிமை கேட்டார்கள். கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியையும் 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் 75,000 வீதம் சரிபாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. மூன்று தலைமுறையாக இலங்கையின் அந்நியச் செலாவணியைச் சம்பாதித்துக் கொடுத்த உழைப்பாளிகளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

'தாயகம் திரும்பியோர்' என்று அவர்களுக்குப் பெயர். கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இறங்கி, கையில் குடும்ப அட்டையோடு நின்றவர்களில் பலர் தமிழ்நாட்டையே அதற்குமுன் பார்த்ததில்லை. சொந்த ஊர் தேடிப் போனவர்களுக்கு அங்கே காணி இல்லை. சேரியில் இருந்த உறவுக்கும் இரண்டாவது அடுப்பு மூட்ட வழியில்லை. நீலகிரியில் 1968இல் அரசு தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது. அது பின்னர் டான்டீ ஆயிற்று. 1969இல் ரெப்கோ வங்கி வந்தது. இவை பலருக்குக் கஞ்சி ஊற்றின. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்கள் மறுபடியும் லயத்துக்கே போனார்கள். அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'. சாதிச் சான்றிதழ் கேட்டுப் போன பிள்ளைகளிடம், பெற்றோரின் பூர்வீக ஆவணம் எங்கே என்று அலுவலகங்கள் கேட்டன. சாதிக்காகவே ஊரைவிட்டு விரட்டப்பட்டவரின் பேரனிடம், நீ அந்தச் சாதிதானா என்று ஆதாரம் கேட்கிறார்கள்!

முகாமில் நிற்பவர்கள்

இலங்கையில் தங்கியோரில் பலர் 1958, 1977 கலவரங்களுக்குப் பயந்து மலையிலிருந்து வன்னிக்கு இறங்கினார்கள். 1983க்குப் பின் போர் அவர்களை அங்கிருந்தும் விரட்டிப் படகேற்றியது. எனவே தமிழ்நாட்டு முகாம்களில் இருப்போரில் கணிசமானோர் இந்திய வம்சாவளியினர். அதாவது, நம் சேரிகளிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

இங்கே பிறந்த பிள்ளைக்கு ஏன் குடியுரிமை இல்லை என்று பலர் கேட்கிறீர்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. உயிர் பிழைக்க விசா இல்லாமல் படகில் வந்தவர் சட்டத்தின் பார்வையில் அப்படித்தான் ஆகிவிடுகிறார். 2019இன் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மூன்றை மட்டும் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. அதே ஆண்டு சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, முகாமில் வாழும் இந்திய வம்சாவளியினரின் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு சொன்னது. 2021இல் தமிழக அரசு முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. மரியாதையான பெயர்தான். ஆனால் பாஸ்போர்ட்டும் நிரந்தர அரசு வேலையும் குடியுரிமையோடுதான் வரும். இலங்கை 2003இல் சட்டம் இயற்றித் தன்னிடம் இருந்த நாடற்றோரைக் குடிமக்களாக ஏற்றது. நாம் இன்னும் ஏற்கவில்லை.

இன்று நம் தெருவில்

இது பழைய கதை அல்ல என்பதற்குக் கோமுகி அணைப் பக்கம் போனால் போதும். கல்வராயன் மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் வேலைக்குப் போகிறவர்களைப் பாருங்கள். யார் கூட்டிப் போகிறார்? தெரிந்த முகம். என்ன கொடுக்கிறார்? முன்பணம். கணக்கு யார் கையில்? கங்காணி என்ற பெயர் போய் மேஸ்திரி என்ற பெயர் வந்திருக்கிறது. நிலமற்றவனும் கடன்பட்டவனும் இருக்கும்வரை அந்தத் தொழிலுக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள்.

இந்த மேடையிலிருந்து இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, பக்கத்து முகாமில் இருக்கும் பிள்ளைகளை நம் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்களுடைய குடியுரிமைக் கோரிக்கையை ஈழப் பிரச்சினையின் ஒரு பகுதியாக மட்டும் பார்க்காமல், தலித் பிரச்சினையாகவும் பாருங்கள். இரண்டு, வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். தோட்டத்தின் பெயர், கங்காணியின் ஊர், பழைய கடிதம், குடும்ப அட்டை, எது கிடைத்தாலும் நகல் எடுத்து வையுங்கள். சான்று இல்லை என்று சொல்லித்தான் 1948இல் அவர்களை வெளியே தள்ளினார்கள்.

மலையக மக்கள் 2023இல் தங்கள் வருகையின் 200ஆம் ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது, அந்த வழியில் என் ஆயாவின் தாத்தனுக்குத் தம்பியும் நடந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஆயா போய்ச் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய பெயரை ஆயாவிடம் இன்னொரு முறை அழுத்திக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் இன்னும் ஓர் ஆயா இருந்தால், இன்று இரவே கேளுங்கள்.