‘கூட இருக்குறவங்க’ வெறும் துணையாள் இல்லை... பச்சிளம் குழந்தை வார்டில் குடும்பமும் பாதி மருந்து!

பாலாடை இல்லாத வீட்டை டெல்டா பக்கம் பார்ப்பது அபூர்வம். வெள்ளி, வெண்கலம், எவர்சில்வர் என வசதிக்கு ஏற்ப மாறும். சில வீடுகளில் அதையே சங்கு என்பார்கள். பேரப்பிள்ளையை மடியில் கிடத்தி, மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணத்தால் பாட்டி பால் புகட்டுவதைப் பார்க்காமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க முடியாது.

அதே பாலாடை இன்று நாடு முழுக்கப் பச்சிளம் குழந்தைகள் பிரிவுகளில் ஒரு மருத்துவக் கருவி. மார்பில் உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தைக்கு, தாயிடமிருந்து பிழிந்தெடுத்த பாலை அதில்தான் புகட்டுகிறார்கள். பாட்டில், கப், பாலாடை மூன்றையும் ஒப்பிட்ட இந்திய ஆய்வு ஒன்று 1999-ல் வெளியானது. பாலாடையில் குழந்தைகள் வேகமாகவும் அதிகமாகவும் குடித்தது அதில் தெரியவந்தது.

ஆக, நம் வீட்டுக் கருவி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போய்விட்டது. அதைப் பிடித்திருந்த கை மட்டும் இன்னும் பல இடங்களில் வாசலிலேயே நிற்கிறது.

“பெட்டியில வெச்சிருக்காங்க!”

பட்டுக்கோட்டை, பாபநாசம், திருவையாறு, ஒரத்தநாடு... டெல்டாவின் எந்த மூலையில் பிரசவம் சிக்கலானாலும் பெரும்பாலும் வண்டி திரும்புவது தஞ்சாவூருக்குத்தான். மருத்துவக் கல்லூரியின் கீழ் இயங்கும் ராஜா மிராசுதார் மருத்துவமனைதான் தாய் சேய்க்கு இங்கே பெரிய ஆஸ்பத்திரி.

ஒன்றரைக் கிலோவில் குழந்தை பிறந்தால் ஊருக்குப் போகும் முதல் போன், “பெட்டியில வெச்சிருக்காங்க” என்பதுதான். அந்த நிமிடமே குடும்பம் சிதறிவிடுகிறது. குழந்தை ஒரு பிரிவில். தையல் வலியோடு அம்மா இன்னொரு வார்டில். கையெழுத்துப் போடவும் மருந்து வாங்கவும் அப்பா கீழே. மாற்றுத்துணிப் பையோடு பாட்டி வராந்தாவில். நான்கு பேருக்கும் ஒரே கவலை, ஆனால், குழந்தையின் பக்கத்தில் யாரும் இல்லை.

எந்த ஊரிலும் மருத்துவமனைகள் குடும்பத்தை வெளியே நிறுத்துவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. குறைமாதக் குழந்தைக்கு நோய்த்தொற்று என்றால் உயிர் போகும் ஆபத்து. வருகிறவர் கையில் என்ன கிருமி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்திலேயே ஒருகாலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தையைப் பெற்றவர்கள் பார்க்கக் கடும் கட்டுப்பாடு இருந்தது. அம்மாவைப் பிரிந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் படம்பிடித்து 1952-ல் வெளியிட்டார். அழுது, பின் அடங்கி, கடைசியில் அம்மாவிடமே ஒட்டாமல் போன அந்தக் குழந்தையின் முகம் மருத்துவர்களையே உலுக்கியது. 1959-ல் அங்கே அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், சின்னக் குழந்தையோடு அம்மாவும் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதும் அதே 1959-ல்தான்.

பற்றாக்குறையில் பிறந்த வைத்தியம்

பச்சிளம் குழந்தைப் பிரிவின் கதவைத் திறந்துவிட்டது பணக்கார நாடு அல்ல. கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளை வைக்கும் நிலை இருந்தது. 1978-ல் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா ஒரு முடிவெடுத்தார். உடல்நிலை தேறிய குறைமாதக் குழந்தைகளை அம்மாவின் மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். அம்மாவின் உடல் சூடே இன்குபேட்டர். இன்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் ‘கங்காரு பராமரிப்பு’ அங்கே தொடங்கியதுதான்.

அடுத்த ஆண்டு எஸ்டோனியாவின் டாலின் நகரில் நர்ஸ்கள் பற்றாக்குறை. டாக்டர் அடிக் லெவின், அம்மாக்களையே 24 மணி நேரமும் குழந்தையோடு தங்கவைத்தார். ஊசி, மருந்து நர்ஸ் பொறுப்பு. பால் கொடுப்பது, துடைப்பது, கவனிப்பது அம்மா பொறுப்பு. வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாடு, குழந்தைகளுக்கு நல்லதாகவே முடிந்தது.

இந்தியாவில் இதை முறைப்படுத்தியது டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனை. டாக்டர் ஆர்த்தி மரியாவின் குழு, பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துப் பிரிவுக்குள் அனுமதித்தது. ‘தொற்று அதிகமாகுமே’ என்ற பயத்துக்கு ஆய்வு மூலமே பதிலும் தேடியது. 2017-ல் வெளியான அந்த ஆய்வு முடிவு: குடும்பம் உள்ளே வந்த பிரிவில் தொற்று கூடவில்லை. வீடு திரும்புவதற்கு முன்பே முழுக்கத் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள் அங்கே 80.4 சதவிகிதம். வழக்கமான பராமரிப்பில் 66.7 சதவிகிதம்தான். அதே 2017-ல், ‘குடும்பப் பங்கேற்புப் பராமரிப்பு’ என்ற பெயரில் மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுவதற்கும் வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது.

இன்னும் அழுத்தமான ஆதாரம் 2021-ல் வந்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு. நம் நாட்டிலிருந்து டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். ஒரு பிரிவில், உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்த உடனேயே கங்காரு பராமரிப்பு. மற்றொன்றில் சீரான பிறகு. முதல் 28 நாள்களில் இறந்தவர்கள், உடனே தொடங்கிய பிரிவில் 12 சதவிகிதம், காத்திருந்த பிரிவில் 15.7 சதவிகிதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்.

இதற்காக சஃப்தர்ஜங்கில் செய்த மாற்றம்தான் முக்கியம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே அம்மாவுக்கும் கட்டில் போட்டார்கள். குழந்தையை அம்மாவின் வார்டுக்கு அனுப்பவில்லை, அம்மாவைக் குழந்தையின் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

உள்ளே போனால் என்ன செய்வது?

‘நமக்கு என்ன தெரியும், மெஷின் நடுவுல?’ என்ற தயக்கம் எல்லாருக்கும் உண்டு. அதற்குத்தான் மத்திய அரசின் நெறிமுறையில் நான்கு பாடங்கள்.

முதல் பாடம், உள்ளே நுழையும் ஒழுங்கு. மோதிரம், வளையல், வாட்ச் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவி, கவுன் அணிவது. இரண்டாவது, குழந்தையைத் தொடும் விதம், சுத்தம் செய்வது, பால் பிழிவது, பாலாடையில் புகட்டுவது. மூன்றாவது, கங்காரு பராமரிப்பு. நான்காவது, வீட்டுக்குப் போன பின் கவனிக்க வேண்டியவை.

கங்காரு பராமரிப்பில் குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், நாப்கின் மட்டும். மார்புக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, தலையை ஒருபக்கமாகத் திருப்பி, துணியால் அணைத்துக் கட்டுவார்கள். ஒருமுறை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரம். அம்மாவுக்கு முடியாதபோது அப்பா செய்யலாம், பாட்டி செய்யலாம். சட்டையைக் கழற்றிவிட்டு மார்பில் குழந்தையைச் சுமக்கும் அப்பா, மருந்துச் சீட்டோடு கீழே அலையும் ஆளாக மட்டும் இல்லாமல் அன்றுதான் அப்பாவாகிறார்.

மருத்துவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. ஒரு நர்ஸுக்குப் பல குழந்தைகள். அம்மாவுக்கு ஒரே குழந்தை. ‘காலையில குடிச்ச மாதிரி இப்போ குடிக்கலை’, ‘கால் ஜில்லுனு இருக்கு’ என்று அந்த அம்மா சொல்லும் ஒரு வரி, மானிட்டர் அலறுவதற்கு முன்பே வரலாம். அதைக் கேட்டு எழுந்து வந்து பார்க்கும் நர்ஸ் இருந்தால்தான் இது கூட்டு வேலை.

ஒரு கோட்டையும் தெளிவாகப் போட வேண்டும். குடும்பத்தின் பங்கு என்பது நர்ஸின் வேலையைக் குடும்பத்தின் தலையில் கட்டுவது அல்ல. டிரிப்ஸ், ஆக்ஸிஜன், ஊசி, மூக்கு வழிக் குழாய் எல்லாம் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே தொட வேண்டியவை. ஆள் இல்லாத குறையை அம்மாவை வைத்து நிரப்பினால் அது பங்கேற்பு இல்லை, சுரண்டல்.

பாட்டியை விட்டுவிட்டுப் பேச முடியாது

டெல்டாவில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதனால் ஆஸ்பத்திரியிலும் கூடத் தங்குவது பெரும்பாலும் பெண்ணைப் பெற்ற அம்மா. குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று வீட்டில் முடிவு செய்வதும் அவர்தான்.

பிறந்ததும் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது எல்லாம் பாசத்தில் செய்வதுதான். ஆனால், ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதே மருத்துவம். குறைமாதக் குழந்தைக்குச் சேனை இன்னும் ஆபத்து. பாலாடையிலும் ஒரு மாற்றம் உண்டு. கிடத்தி, வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகலாம். தலையைச் சற்று உயர்த்தி, விழித்திருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக, குழந்தை விழுங்கிய பிறகே அடுத்த வாய்.

‘இதெல்லாம் கூடாது’ என்று பாட்டியை அதட்டி வெளியே அனுப்பினால், டிஸ்சார்ஜ் ஆன அன்று இரவே வீட்டில் சேனை வைக்கப்படும். பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தால், நாலு பிள்ளை வளர்த்த அந்தக் கைதான் வீட்டில் நர்ஸ்.

நடவு நேரத்தில் யார் தங்குவது?

சொல்வதற்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. செலவு யாருடையது?

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை சூடுபிடிக்கும். பிறகு சம்பா நடவு, களை, தை அறுவடை. நாற்றுப் பறித்து நடும் பெண்களுக்கு அந்தச் சில வாரக் கூலிதான் வருடத்தின் பெரிய வருமானம். ஒரு கிலோவில் பிறந்த குழந்தை வீடு திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அம்மா, பாட்டி இருவரும் ஆஸ்பத்திரியில் இருந்தால் இரண்டு கூலி போகும். வீட்டில் மூத்த பிள்ளைக்குச் சோறு வைக்க ஆள் வேண்டும். பஸ் கட்டணம், டீ, டிபன் தனி.

ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டப்படி மருந்து, பரிசோதனை, போக்குவரத்து இலவசம். ஆனால், அம்மாவுக்கு இலவச உணவு என்று அதில் சொல்லியிருப்பது சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள். தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய் பெரிய ஆறுதல்தான். ஆனால், அது கர்ப்பம், பிரசவம், தடுப்பூசி என்ற கட்டங்களுக்கான உதவி. பெட்டியில் குழந்தை கிடக்கும் நாள்களில் இழந்த கூலிக்கு அதில் கணக்கு இல்லை.

அதனால் ‘அம்மா கூடவே இருக்கணும்’ என்று அறிவுரை சொல்வதோடு மருத்துவமனையின் வேலை முடியாது. அம்மாவுக்கு ஒரு கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு, பக்கத்திலேயே கழிப்பறை, பால் பிழிய மறைவான இடம் இவையும் சிகிச்சைச் செலவுதான். அவை இல்லாத இடத்தில், அம்மா வராமல் போனால் அது பாசக்குறைவு அல்ல.

பிரசவ அறையில் ஒரு பெண் துணை இருக்கலாம் என்பதை முன்கூட்டியே நடைமுறைக்குக் கொண்டுவந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பிரசவம்வரை திறந்த கதவு, அதற்குப் பிறகும் திறக்க வேண்டும் அல்லவா?

நீங்கள் தயங்காமல் கேட்க வேண்டியவை

உங்கள் வீட்டுக் குழந்தையோ, தெரிந்தவர் குழந்தையோ இப்படிச் சேர்க்கப்பட்டால், இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். இவை சண்டைக்கான கேள்விகள் அல்ல, சிகிச்சைக்கான கேள்விகள்.

* ஒரு நாளில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் குழந்தையோடு இருக்கலாம்? அப்பா வரலாமா?
* கங்காரு பராமரிப்பை எப்போது தொடங்கலாம்? யார் கற்றுக்கொடுப்பார்கள்?
* பால் எப்போது பிழிய வேண்டும், எங்கே கொடுக்க வேண்டும்? பால் சுரக்காவிட்டால் தாய்ப்பால் வங்கியிலிருந்து கிடைக்குமா?
* குழந்தை இருக்கும்வரை அம்மா தங்க இடமும் சாப்பாடும் உண்டா?
* தினமும் குழந்தையின் எடை, பால் அளவு, நிலைமையை யாரிடம், எத்தனை மணிக்குக் கேட்கலாம்?
* கண் பரிசோதனை எந்தத் தேதியில்? (34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை அவசியம். தவறினால் பார்வையே போகலாம்.)

வீட்டுக்கு வந்த பிறகு குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, கை கால் ஜில்லிட்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள் ஏறினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108. சந்தேகம் கேட்க 104. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரின் போன் நம்பரை டிஸ்சார்ஜ் அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல மருத்துவர், நல்ல கருவி, நல்ல மருந்து எல்லாமே குழந்தையை டிஸ்சார்ஜ் நாள்வரை கொண்டுவந்து விடும். அடுத்த நாள் காலையில் அது குடும்பத்தின் கையில்தான். அந்தக் கைகள் குழந்தையை முதன்முதலாகத் தூக்குவது ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோ ஏறும்போது என்று இருக்கக் கூடாது. ஒரு நர்ஸ் பக்கத்தில் நின்று, “பயப்படாம தூக்குங்கம்மா, நான் இருக்கேன்” என்று சொல்லும்போதே தூக்கிப் பழகியிருக்க வேண்டும்.