பசுந்தீனியைக் காத்த செடிகள்

பாலின் சுவையைப் பற்றிப் பேசுவோர் பலர். அப்பாலுக்கு மூலமான தீனியைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. மேனாடுகளிலே கறவைப் பசுக்களுக்கு ஊட்டப்படும் தீனிகளுள் முதன்மை வாய்ந்தது அல்பல்பா என்னும் அவரையினப் பயிராகும். அதனை அறுத்து, வெயிலில் உலர்த்தி, கட்டுகளாகக் கட்டிச் சேமித்து வைப்பர்.

1954ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் இப்பயிருக்குப் பேரிடர் ஒன்று நேர்ந்தது. புள்ளிகளையுடைய ஒருவகை அழுக்கணவன் அங்கே காணப்பட்டு, விரைவிலே கலிபோர்ணியா வரை பரவிற்று. இலைச்சாற்றை உறிஞ்சி இளஞ்செடிகளைக் கொன்றதோடு, தேன் போன்ற பிசுபிசுப்பான கழிவினால் உலர்தீனியையும் அது பழுதாக்கிற்று. கமக்காரர் நஞ்சு தெளித்தனர். அந்நஞ்சு அழுக்கணவனைத் தின்னும் நல்ல பூச்சிகளையும் மாய்த்தது. அழுக்கணவனோ நாளடைவில் நஞ்சைத் தாங்கப் பழகிக்கொண்டது.

அவ்வேளையிற் கைகொடுத்தது 'லஹொன்ரன்' என்னும் இனமாகும். துருக்கிஸ்தானத்து அல்பல்பாவின் வழிவந்த இவ்வினத்தை, தண்டைத் தாக்கும் வட்டப்புழுவுக்கு மாற்றாக நெவாடாவில் உருவாக்கி, அதே 1954இல் வெளியிட்டிருந்தனர். அது அழுக்கணவனையும் எதிர்த்து நின்றது! பின்னர் 1957இல், ஆபிரிக்க இனமொன்றிலே தெரிந்தெடுத்த ஒன்பது செடிகளிலிருந்து 'மோவாப்பா' பிறந்தது.

இத்தகைய இனங்களை எங்ஙனம் ஆக்குகின்றனர்? பல்லாயிரம் நாற்றுகளின்மேற் பூச்சிகளை விடுவர். பெரும்பாலானவை மடியும். எஞ்சியவற்றைத் தம்முள் மகரந்தம் கலக்கச் செய்து, பெற்ற விதையை மீண்டும் அவ்வாறே சோதிப்பர். ஒரே செடியைத் தன் மகரந்தத்தாலேயே பெருக்கினால் அதன் சந்ததி நலிவுறும். ஆதலின் பல செடிகள் வேண்டும். ஓரினத்துச் செடிகளுள் நூற்றுக்கு ஐம்பதின் மேற்பட்டவை பூச்சியைத் தாங்கினாலே அதனை உயர்ந்த எதிர்ப்புடையதெனக் கொள்வர்.

ஆயினும் போராட்டம் ஓய்ந்திலது. மோவாப்பாவையும் தாக்கவல்ல புதிய அழுக்கணவன் வகைகள் தோன்றின. 1977இல் அவுஸ்திரேலியாவை இப்பூச்சி அடைந்தபோது, அங்கே பெரிதும் பயிரிடப்பட்ட 'ஹண்டர் றிவர்' இனம் எதிர்க்கும் வலியின்றிப் பேரழிவுக்குள்ளாயிற்று. ஒன்றையே நம்பியிருந்தோர் அடைந்த நட்டம் அது.

மாணவர்களே, வட்டப்புழுவுக்கென வளர்த்த செடி வேறொரு பகைவனையும் வென்றதை நினையுங்கள். இன்று பயனற்றதாய்த் தோன்றும் விதையே நாளை ஒரு நாட்டின் பாற்பண்ணைகளைக் காக்கக்கூடும். விதைகளின் பன்மையைப் பேணுதல், வருங்காலத்துக்கு நாம் சேர்த்து வைக்கும் செல்வமாகும்.