வேண்டாத வாயில்கள்

தம் வீட்டுக்கு எத்தனை வாயில்கள் உண்டு என்பதை அறியாத வீட்டுக்காரர் இலர். ஆனால், அதே வீட்டின் மேசைமீதுள்ள கணினியில் எத்தனை வாயில்கள் திறந்து கிடக்கின்றன என்று வினவினால், கற்றோரும் விடையறியாது விழிப்பர். பாதுகாப்பானது என்னும் நற்பெயரை நம்பி லினக்ஸைக் கையாள்வோரும் இதற்கு விலக்கல்லர்.

வலையமைப்பில் வந்துசேரும் செய்தி எந்த நிரலுக்கு உரியது என்பதைக் கணினி ஓர் எண்ணைக் கொண்டு அறிகின்றது. அவ்வெண்ணையே போர்ட் என்றும், தமிழில் துறை என்றும் வழங்குவர். துறைகள் 65,535 வரை செல்லும். எனினும், அவை தாமாகத் திறப்பனவல்ல. ஒரு நிரல் அமர்ந்து வருவோரை எதிர்பார்த்துச் செவிசாய்த்திருக்கும் துறையே திறந்த துறையாகும். ஆதலின், வேண்டாத துறையை மூடுதல் என்பது வேண்டாத பணியாளை வாயிலிலிருந்து விலக்குதலேயாம்.

அத்தகைய பணியாளால் விளையக்கூடிய கேட்டினை 2024 செப்டெம்பரில் சிமோனே மார்கரிட்டெல்லி என்னும் ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். அச்சுப்பொறிகளைத் தேடித்தரும் கப்ஸ்-பிரௌஸ்ட் என்னும் நிரல், 631ஆம் துறையில் எவர் அனுப்பிய செய்தியையும் ஐயுறாது ஏற்றது. அயலான் ஒருவன் அதனிடம் போலி அச்சுப்பொறி ஒன்றை அறிமுகஞ் செய்யலாம்; வீட்டுக்காரர் அப்பொறிக்கு ஒரு பக்கத்தை அனுப்பும் வேளையில், வேறு சில குறைகளும் துணைசெய்ய, அயலானின் கட்டளை அக்கணினியில் நிறைவேறிவிடும். அச்சுப்பொறியே இல்லாத வீட்டிலும் இந்நிரல் விழித்திருக்கக்கூடும் என்பதே கவலைக்குரியது.

இதற்குப் பரிகாரம் எளிது. எஸ். எஸ். என்னும் ஈரெழுத்துக் கட்டளை, செவிசாய்த்திருக்கும் துறைகளையும் அவற்றுக்குரிய நிரல்களையும் நிரல்படக் காட்டும். 127.0.0.1 என்ற முகவரியோடு நிற்பது வீட்டுக்குள்ளேயே திறக்கும் அறைக்கதவு போன்றது. அதனால் அச்சம் குறைவு. 0.0.0.0 என நிற்பது எத்திசைக்கும் திறந்த தலைவாயில். அங்கு அமர்ந்திருக்கும் நிரலின் தொழிலை முதலில் அறிதல் வேண்டும். 68ஆம் துறையில் இருப்பது பெரும்பாலும் கணினிக்கு முகவரி பெற்றுத்தரும் நிரல். அதனை ஆராயாது நிறுத்தினால் இணைப்பே அறுந்துபோகும். தேவையற்றது எனத் தெளிந்தால் அதனை நிறுத்துக. கணினி மறுமுறை தொடங்கும்போது எழாதவாறு முடக்கியும் வைக்க. தீச்சுவர் எனப்படும் காவல் இதன் பின்னர் வரத்தக்கது. உள்ளே எவர் விழித்திருக்கின்றார் என்று அறியாமல் மதில் மட்டும் எழுப்புவதாற் பயன் சிறிது.

‘எம் கணினியிற் களவாட என்ன உண்டு?’ என்று சிலர் வினவலாம். 2016இல் மிராய் என்னும் தீநிரல், லினக்ஸில் இயங்கிய கண்காணிப்புக் கமராக்கள் முதலியவற்றை டெல்நெற் துறைவழியே, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லும் மாற்றப்படாத நிலையிற் கைப்பற்றியது. அக்கருவிகளில் இருந்த பொருளை அது நாடவில்லை. அவற்றின் உழைப்பையே நாடியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அப்படை டைன் என்னும் நிறுவனத்தின்மீது ஏவப்படவே, பெரிய இணையத்தளங்கள் பல மக்களுக்கு எட்டாதொழிந்தன. கருவிகளின் உரிமையாளரோ தம் வீட்டிலிருந்து அம்பு புறப்பட்டதை அறியார்.

எனவே, நம் கணினியின் வாயிலைக் காத்தல் நமக்கு மட்டுமன்றி, அயலாருக்கும் நாம் ஆற்றும் கடமையாகும்.