ஒயின் ஷாப்பில் எய்ட்ஸ் பிரசாரம்! குடிக்க வந்தவர்களே பேசினார்கள்
பண்ருட்டி பலா மண்டியில் லோடு ஏற்றுகிறவரிடம் "ஆணுறை போடுப்பா" என்று டாக்டர் சொன்னால் தலையை ஆட்டுவார். அதோடு சரி. கூட உட்கார்ந்து குடிக்கிற கூட்டாளி சொன்னால்?

இதை முதலில் செய்து பார்த்தவர் அமெரிக்க மனோதத்துவ நிபுணர் கெல்லி. தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்கள் கூடும் பார்களில் நாலு பேர் மதிக்கிற ஆட்களைப் பிடித்தார். பயிற்சி கொடுத்தார். அவர்கள் பேச்சோடு பேச்சாக எய்ட்ஸ் பற்றிச் சொன்னார்கள். பலன் கிடைத்தது!

அதே முறையைச் சென்னை ஒயின் ஷாப்புகளில் சோதித்தது, டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர். 1986-ல் டாக்டர் நிர்மலாவுடன் சேர்ந்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் இவர்தான். சீனா, ரஷ்யா, பெரு, ஜிம்பாப்வேயிலும் சோதனை நடந்தது.

2010-ல் முடிவு வெளியானது. ஆள் வைத்துப் பேசிய இடத்திலும் சரி, பேசாத இடத்திலும் சரி, பாதுகாப்பில்லாத உறவு ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது!

எப்படி? ரெண்டு பக்கமும் ரத்தம் சோதித்து, உட்கார வைத்து ஆலோசனை சொல்லியிருந்தார்கள். அதுவே வேலை செய்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் கணிப்பு.

அந்தச் சோதனை அரசு ஆஸ்பத்திரி 'நம்பிக்கை மையங்களில்' இலவசம். விஷயம் வெளியே போகாது. விவரம் கேட்க 1097-க்கு போன் போடலாம். காசு கிடையாது.